பக்கத்தை விட்டுப் பறந்த பறவைகள்

வெள்ளி, டோக்கியோ

ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வாசல்கள் வடக்கு பார்த்தவை. வெயில்தான் காரணம். நேர்வெயில் பட்டால் தாள் பழுப்பேறும், சாயம் வெளுக்கும். புத்தகம் கெடக்கூடாது என்பதற்காக ஒரு கடைத்தெருவே திசை பார்த்து அமைந்திருக்கிறது. வந்து இறங்கிய அரை மணி நேரத்திலேயே இந்த இடம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் தேடி வந்தது காச்சோ புத்தகங்களை. பூவையும் பறவையையும் சேர்த்து வரையும் ஓவிய வகைக்கு ஜப்பானில் அந்தப் பெயர். மரபு சீனாவிலிருந்து போனது. 1679இல் சீனாவில் வெளிவரத் தொடங்கிய 'கடுகுத் தோட்டம்' என்ற ஓவியக் கையேட்டை 1748இல் கியோட்டோவில் மறுபடி செதுக்கி அச்சிட்டார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். 1790 வாக்கில் உதமாரோ வரைந்து த்சுதாயா ஜூசாபுரோ வெளியிட்ட பறவைக் கவிதைத் தொகுப்பு ஒரு சிகரம். நூறு வருடம் கழித்து, மெய்ஜி பேரரசர் காலத்தில், 1880களிலும் 1890களிலும் வந்த பெரிய படத் தொகுப்புகள் இன்னொரு சிகரம். இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் வந்திருக்கிறேன். இணையத்தில் இவற்றைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கும் புல்வெரர் தொகுப்பிலேயே 2,200க்கும் மேற்பட்ட ஜப்பானியப் படநூல் தொகுதிகள் உண்டு. ஆனால் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு இங்கேதான் வர வேண்டும்.

என் தோழியின் தம்பி டோக்கியோவில் வேலை பார்க்கிறான். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவான். "அக்கா, கடைக்குள்ள போனதும் எதையும் எடுக்காதீங்க. முதல்ல கேளுங்க" என்று ரயிலிலேயே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தான். "மித்தே மோ ஈ தெஸ் கா." பார்க்கலாமா என்று அர்த்தம். இன்றைக்கு அதை எத்தனை கடையில் சொல்லியிருப்பேனோ! எங்கேயும் மறுக்கவில்லை.

இந்தத் தெருவில் 1882இலிருந்து இருக்கும் ஓயா ஷோபோ மாதிரி, எடோ காலப் (மெய்ஜிக்கு முந்தைய காலம்) புத்தகங்களுக்கென்றே பெயர்பெற்ற கடைகள் உண்டு. நான் அதிக நேரம் உட்கார்ந்தது மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சின்னக் கடையில். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். கை கழுவிவிட்டு வரச் சொன்னார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். கையுறை வேண்டாமா என்று கேட்டேன். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மெல்லிசு தெரியாது, கிழித்துவிடுவோம் என்றார். மேஜையில் ஒரு துணியை விரித்து ஓவியர் கோனோ பைரெயின் 'நூறு பறவைகள்' தொகுப்பை வைத்தார். 1881இல் வந்தது. வானம், பூமி, மனிதன் என்று மூன்று தொகுதிகள்.

வண்ணங்கள் மிகக் குறைவு. சாம்பல், கறுப்பு, மங்கலான சிவப்பு, கொஞ்சம் பழுப்பு. அதற்குள்ளேயே கழுத்து மயிருக்கும் சிறகு இறகுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. முதலில் புரியாமல் இருந்தது படத்தின் நடுவே ஓடும் பிளவு. கிளை இடது பக்கத்தில் கிளம்பி வலது பக்கத்துக்குப் போகிறது; தையலருகே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. கடைக்காரர் தாளை லேசாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு தாளும் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, அச்சு வெளியே தெரியும்படி பாதியாக மடித்தது. மடிப்பு புத்தகத்தின் வெளி ஓரத்தில், திறந்த முனைகள் தையலுக்குள். அதனால் நாம் ஒரே படமாகப் பார்ப்பது உண்மையில் வேறு வேறு இரண்டு தாள்களின் பாதிகள். ஒரு பறவையின் உடம்பும் வாலும் தனித்தனி மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு, தைக்கும்போதுதான் சந்திக்கின்றன. தைக்கிறவர் ஒரு நூலிழை தவறினாலும் கிளை உடைந்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பிரதியில் எதுவும் உடையவில்லை.

கீழே ஒரு மரப்பெட்டியில் தனித்தாள்கள் கிடந்தன. ஓவியர் இமாவோ கெய்னெனின் காச்சோ தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்தவை. சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஆட்கள் வாங்குகிறார்கள். நான் வாங்கவில்லை. முழுப் புத்தகத்தைவிடப் பிரித்த தாள்களில் லாபம் அதிகம் என்பதால் உலகம் முழுக்க இவற்றைப் பிரித்துப் போடுகிறார்கள். பனிக்காலத் தாள் ஒருவர் வீட்டுச் சுவரில், வசந்தகாலத் தாள் இன்னொரு கண்டத்தில். நான்கு பருவமாக யோசித்து அடுக்கிய ஒன்றை இப்படிக் கலைப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

கிளம்பும்போது தம்பி மூலமாக ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வாங்கினார்கள்?

"சாயக்காரர்கள், மண்பாண்டம் செய்கிறவர்கள், அரக்குப் பூச்சு வேலைக்காரர்கள்" என்றார் கடைக்காரர். இன்னொரு பிரதியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு சிட்டுக்குருவியின் வெளிக்கோட்டை ஒட்டி ஏதோ கூர்முனையால் அழுத்தி இழுத்த தடம் இருந்தது. யாரோ அதை வேறொரு பொருளுக்குப் பிரதியெடுத்திருக்கிறார்கள். அழுக்கான பிரதி என்று அதன் விலை குறைவு. எனக்கு அன்றைக்குப் பார்த்ததிலேயே அதுதான் விலைமதிப்பானதாகத் தெரிந்தது.

இந்தப் பறவைகள் பக்கத்திலிருந்து எங்கெல்லாம் பறந்து போயின என்று பார்ப்பதுதான் இனி என் வேலை.

சனி, அகாசகா

யோத்சுயா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் அகாசகா அரண்மனைக்கு. 1909இல் கட்டி முடித்தது. ஐரோப்பிய அரண்மனை பாணி. இப்போது அரசு விருந்தினர் மாளிகை. விருந்தினர் வராத நாட்களில் பொதுமக்களை விடுகிறார்கள். புதன்கிழமை கிடையாது. பை சோதனை உண்டு, உள்ளே படம் எடுக்க முடியாது.

நான் போனது ஒரே ஓர் அறைக்காக. பூவும் பறவையும் என்றே அதற்குப் பெயர். விருந்துக்கூடம். சுவர் முழுக்க பழுப்பு மரப்பலகை, அதில் பதித்த 30 நீள்வட்ட மீனாகாரி வில்லைகள். வரைந்தவர் வதனபே செய்தெய், மீனாகாரி செய்தவர் நமிகாவா சோசுகே.

செய்தெய் டோக்கியோக்காரர், 1852இல் பிறந்தவர். ஏற்றுமதிக்காகக் கைவினைப் பொருட்கள் செய்த ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். 1878 பாரிஸ் கண்காட்சிக்காக அங்கே போனார். பாரிஸில் ஓவியர் தெகாவுக்கு ஒரு பறவைச் சித்திரம் வரைந்து கொடுத்தார். அது இன்றும் இருக்கிறது. திரும்பி வந்து 1890-91இல் மூன்று தொகுதிகளாக ஒரு காச்சோ புத்தகம் வெளியிட்டார். நேற்று இன்னொரு கடையில் அதன் ஒரு தொகுதியைப் புரட்டியிருந்தேன். பைரெயின் கோடு எலும்பு தெரிகிற கோடு. செய்தெயிடம் கோடே குறைவு. ஈரத் தூரிகை இழுத்த மாதிரி நிறமே உடம்பாகிறது. மரக்கட்டையில் இதைக் கொண்டுவந்தது எப்படி என்பதுதான் ஆச்சரியம்.

அதே ஆச்சரியம் இந்த அறையிலும். சாதாரண மீனாகாரியில் மெல்லிய உலோகக் கம்பிகளால் பாத்தி கட்டி, பாத்திக்குள் நிறத்தூளை நிரப்பிச் சுடுவார்கள். கம்பிதான் கோடு. நமிகாவா சோசுகே கடைசிச் சூட்டுக்கு முன்னால் கம்பியை எடுத்துவிடுவார். நிறங்கள் ஒன்றோடொன்று லேசாகக் கலந்து உருகி நிற்கும். அதனால் செய்தெயின் ஈரத்தூரிகை அப்படியே கண்ணாடியாக உறைந்த மாதிரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் நின்றால் தாளில் வரைந்தது என்றே சொல்வோம். பக்கவாட்டில் நகர்ந்தால் மட்டும் வெளிச்சம் மேற்பரப்பில் வழுக்குகிறது.

இரண்டு மனிதர்களுடைய வேலை, ஒரே பறவை. புத்தகத்தில் செய்தெய்க்குச் செதுக்குபவரும் அச்சிடுபவரும் துணை. இங்கே சூளைக்காரர். அறையை விட்டு வெளியே வர மனமில்லாமல் வரிசையோடு போய், மறுபடி ஆரம்பத்துக்கு வந்து இன்னொரு முறை சுற்றினேன். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே தோட்டத்தில் நிஜப் பறவைகள். ஹியோதோரி என்கிற சாம்பல் நிறக் கொண்டைக்குருவி இனம் ஒன்று இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் கத்துகிறது.

ஞாயிறு, நகோயா

தம்பி டோக்கியோ ஸ்டேஷனில் வண்டியேற்றி விட்டான். இனி அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நானே சமாளிக்க வேண்டும்.

கியோட்டோ போகும் வழியில் நகோயாவில் இறங்க ஒரு காரணம் இருந்தது. பைரெயின் நூறு பறவைகளையும் செய்தெயின் தொகுப்பையும் வெளியிட்டவர் ஒரே ஆள், ஓகுரா மகோபெய். 1843இல் பிறந்தவர். டோக்கியோவின் நிஹொன்பாஷியில் வண்ண அச்சுப் படங்களும் படக்கதைப் புத்தகங்களும் விற்ற கடை அவருடையது. பிறகு காகித வியாபாரத்திலும் இறங்கினார். மொரிமுரா சகோதரர்களோடு சேர்ந்து நியூயார்க்குக்குப் பீங்கான் ஏற்றுமதி செய்தார். கடைசியில், 1904இல், நகோயாவில் நொரிதாக்கே என்ற கிராமத்தில் பீங்கான் ஆலை தொடங்கிய கூட்டத்தில் அவரும் அவருடைய மகன் கசுச்சிகாவும் இருந்தார்கள். மகன்தான் முதல் தலைவர். நம் வீடுகளில்கூட எங்காவது ஒரு தட்டின் அடியில் நொரிதாக்கே முத்திரையைப் பார்த்திருக்கலாம். அதே நிறுவனம்தான்.

பழைய ஆலை இருந்த இடம் இப்போது தோட்டமும் அருங்காட்சியகமும். 1904இன் செங்கல் கட்டடம் நிற்கிறது. மேல் தளங்களில் ஆரம்பகாலப் பாத்திரங்கள்: ஜாடி, பூச்சாடி, தட்டு. தங்கக்கோடு போட்ட விளிம்புக்குள் செவ்வந்தி, நாணல், பறவை. அமெரிக்க வீட்டு மேஜைக்காகச் செய்தவை என்பதால் தங்கம் கொஞ்சம் அதிகம். ஆனாலும் ஒரு கிளை சாய்கிற கோணத்திலும், பறவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற விதத்திலும் புத்தகங்களின் வாசனை இருக்கிறது. படப்புத்தகக்காரர் ஒருவர் பீங்கான் தொழிலுக்குப் போனால் எதைக் கொண்டுபோவார்? கண்ணைக் கொண்டுபோவார். வெற்றிடத்தை எவ்வளவு விட வேண்டும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

புத்தகத்திலிருந்து தட்டுக்குப் பறவைகள் போனது இதுதான் முதல் முறை என்றும் இல்லை. பிரான்சில் பிராக்மோன் என்ற செதுக்கோவியர் 1866இல் ரூஸோ என்ற வியாபாரிக்காக ஒரு விருந்துப் பாத்திரத் தொகுப்பு வடிவமைத்தார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மங்கா என்ற சித்திரப் புத்தகங்களிலிருந்தும், ஹொகுசாயின் சீடர் தைதோ 1848-49இல் வெளியிட்ட காச்சோ புத்தகத்திலிருந்தும் சேவலையும் மீனையும் பூச்சியையும் எடுத்துத் தட்டுகளில் இறக்கினார். அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதற்கு நல்ல வரவேற்பு. ஜப்பான் தன் படங்களைத் தானே பீங்கானில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் அந்த வேலையைச் செய்துவிட்டார்கள்.

மதியம் மழை. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோட்டோவுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கள், கியோட்டோ

காலையில் நேராக நான்சென்ஜி. கோயிலின் தர்ம மண்டபக் கூரையில் பெரிய கறுப்பு டிராகன் சுருண்டு கிடக்கிறது. உள்ளே போக முடியாது. வெளியே கம்பி அழியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை வளைத்து மேலே பார்க்க வேண்டும். மண்டபத்தை 1909இல் திரும்பக் கட்டியபோது இதை வரைந்தவர் இமாவோ கெய்னென். பூவையும் குருவியையும் மயிர்க்கோடு போட்டு வரைந்த அதே கை, அறுபது வயதைத் தாண்டி, ஒரு கூரை முழுவதையும் மையால் நிரப்பியிருக்கிறது. டிராகனின் நகத்தைப் பாருங்கள். பருந்தின் நகம் அது. பறவைக்காரருடைய டிராகன் என்று அங்கேதான் தெரிகிறது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே 1888இல் கட்டிய செங்கல் கால்வாய்ப் பாலம். அதன் கீழே ஈரக் கல்லில் ஒரு சாம்பல் வாலாட்டி வாலை ஆட்டியபடி நடந்தது. இதே இனம் குளிர்காலத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கும் வரும். ஊரில் பார்த்த நண்பரை வெளியூரில் பார்த்த மாதிரி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கெய்னெனின் காச்சோ தொகுப்பு 1891-92இல் வந்தது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய தொகுதிகள். அதன் பதிப்பாளர் பெயர் நிஷிமுரா சோசாயெமோன். அவர் புத்தக வியாபாரி இல்லை. 1555இலிருந்து கியோட்டோவில் இருக்கும் சிசோ என்ற துணி நிறுவனத்தின் பன்னிரண்டாம் தலைமுறை முதலாளி. புத்த குருமார்களுக்கு உடுப்பு தைப்பதில் தொடங்கிய குடும்பம் அது. மெய்ஜி ஆட்சி வந்ததும் கோயில்களின் செல்வாக்கு சரிந்தது. 1869இல் பேரரசரும் டோக்கியோவுக்குப் போய்விட்டார், கூடவே அரண்மனை வாடிக்கையாளர்களும். கியோட்டோவின் துணி வியாபாரம் ஆடிப்போன நேரம். நிஷிமுரா ஒரு முடிவெடுத்தார். வழிவழியாக வந்த பழைய மாதிரிகளை விட்டுவிட்டு, நல்ல ஓவியர்களிடம் போய் யூசென் சாயத்துணிக்கு மாதிரி வரைந்து வாங்கினார். கிமோனோவுக்கு ஓவியர் வரைவதா என்று முகம் சுளிக்கக்கூடிய காலம். கிஷி சிக்குதோ வரைந்தார். கெய்னென் வரைந்தார்.

ஆக, அந்த நான்கு தொகுதிகளும் துணிக்காரர் காசில் வந்த புத்தகங்கள். நான் இவ்வளவு நாள் அவற்றை ஓவியப் புத்தகம் என்று மட்டும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சான்ஜோ தெருவில் சிசோ இன்னும் இருக்கிறது. அங்கே போனபோது புத்தகத்தின் நீள்படங்கள் வேறு மாதிரி புரிந்தன. தோளிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் கிளை, விளிம்பருகில் அடர்த்தியாகும் பூ, நடுவில் விட்ட வெறுமை. உடுத்தினால் எங்கே விழும் என்று தெரிந்த கை வரைந்தது.

அப்புறம் ஒரு துணிக்கடையில் மூங்கில் அளவுகோல் ஒன்றைக் காட்டினார்கள். ஷாக்கு என்பது பழைய நீள அளவு. துணிக்காரர்களின் ஷாக்கு, தச்சர்களின் ஷாக்குவைவிட நீளம். தச்சருக்கு ஒரு ஷாக்கு சுமார் 30 சென்டிமீட்டர், துணிக்கு கிட்டத்தட்ட 38. ஷாக்குவில் பத்தில் ஒரு பங்கு சுன். திமிங்கிலத் தாடை இழையால் செய்து வந்ததால் அதைத் திமிங்கில ஷாக்கு என்கிறார்கள்.

செவ்வாய், தெராமாச்சி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஒரு மரக்கட்டை அச்சுப் பட்டறையில் பார்வையாளர்களை விடுகிறார்கள் என்று தங்குமிடத்தில் சொன்னார்கள். அச்சிட்டவர் முப்பது வயதுப் பெண். சம்மணமிட்டு, முன்பக்கம் சாய்ந்த ஒரு தாழ்ந்த மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குதிரைமயிர்த் தூரிகைகள், கிண்ணங்களில் சாயம், அரிசிப்பசை.

வேலை இப்படிப் போகிறது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பதைச் செதுக்குபவர் மலைச்செர்ரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குகிறார். மூலச் சித்திரம் அங்கேயே அழிந்துபோகும். கோட்டுக்கு ஒரு பலகை, அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. எல்லாப் பலகையின் ஓரத்திலும் ஒரு மூலைக்குறியும் ஒரு நேர்க்குறியும் வெட்டியிருக்கும். தாளை ஒவ்வொரு முறையும் அந்த இரண்டிலும் முட்ட வைத்தால் நிறம் கோட்டுக்குள் சரியாக உட்காரும். இதற்குப் பெயர் கெந்தோ. தாள் முசுக்கட்டை மரப்பட்டை நாரில் செய்தது. சாயம் ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் விலங்குப் பசையும் கலந்து பூசி, அச்சிடுவதற்கு முன் ஈரமாக்கி வைக்கிறார்கள். ஈரம் அதிகமானால் தாள் நீண்டுவிடும். குறைந்தால் நிறம் பிடிக்காது. அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஈரத்தைச் சொன்னார்.

அழுத்துவதற்கு எந்திரம் கிடையாது. பரென் என்ற வட்டத் தேய்ப்பான். மூங்கில் மடலால் மூடியது. தோளிலிருந்து பலம் இறங்குகிறது.

நிறம் மெல்ல மங்கிக்கொண்டே போவதை பொகாஷி என்கிறார்கள். ஒரு பறவையின் முதுகில் கருநீலம் தொடங்கி வயிற்றுப் பக்கம் ஒன்றுமில்லாமல் ஆவது. பலகையில் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, மறு ஓரத்தில் மட்டும் சாயம் வைத்து, தூரிகையை ஒரே இழுப்பாக இழுக்கிறார். பலகையில் எந்தத் தடமும் இல்லை, எல்லாம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே பலகையில் அச்சிட்ட இரண்டு தாள்களின் பொகாஷி ஒருபோதும் ஒன்றாக இருக்காது. அடுத்து, சாயமே இல்லாத பலகையில் தாளை வைத்து முழங்கையால் அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஜன்னல் பக்கம் சாய்த்தார். கொக்கின் இறகு வரிவரியாக மேடிட்டு எழுந்தது! கராசுரி என்று பெயர். கணினித் திரையில் இது முக்கால்வாசி காணாமல் போய்விடும்.

பிற்கால அச்சுகளை அடையாளம் காண்பது எப்படி என்று கேட்டேன். பலகை தேயும், கோட்டு முனை மழுங்கும் என்று எல்லோரும் சொல்வதை எதிர்பார்த்தேன். அவர் வேறு சொன்னார். தேய்வதற்கு முன்பே கூலி குறையும். பதிப்பாளர் மலிவாக விற்க நினைக்கும்போது முதலில் போவது பொகாஷியும் கராசுரியும். நேரம் பிடிக்கிற வேலைகள் அவைதான். கோடு கூர்மையாக இருந்தும் பறவை தட்டையாகத் தெரிந்தால், அச்சிட்டவருக்கு அவசரம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைக் கேட்டபின் பதிப்புக் குறிப்புப் பக்கம் எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. 1722இலிருந்தே ஜப்பானில் புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் போட வேண்டும் என்று ஆட்சியாளர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். தணிக்கைக்காக வந்த சட்டம். ஆனால் கெய்னென் தொகுப்பில் அதற்கும் மேலே போய்ச் செதுக்கியவர் தனாகா ஜிரோகிச்சி, அச்சிட்டவர் மிக்கி ஜின்சாபுரோ என்று பெயர்கள் இருக்கின்றன. கெய்னென் பறவை என்று நாம் சொல்வதில் கோடு தனாகாவுடையது, முதுகில் மங்கும் நிறம் மிக்கியுடையது. இனி இவர்கள் மூவரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

சாயங்காலம் தெராமாச்சியில் உன்சோதோ. 1891இல் தொடங்கிய பதிப்பகம். கையால் அச்சிட்ட மரக்கட்டைப் புத்தகங்களை இன்றும் வெளியிடுகிறது. ஓவியர் கமிசாகா செக்காவின் 60 படங்கள் கொண்ட 1909-10 தொகுப்பின் பலகைகள் இன்னும் இவர்களிடம் இருக்கின்றன. தேவைப்படும்போது அவற்றிலிருந்தே அச்சிடுகிறார்கள். கடை சின்னது, சாதாரணமானது. பலகை இருக்கும்வரை புத்தகம் முடிந்துபோகவில்லை என்ற எண்ணத்தோடு ஒரு கடை நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது.

நிஷிக்கி கடைத்தெரு வழியாகத் திரும்பினேன். காய்கறி மொத்த வியாபாரியாக இருந்து ஓவியரான ஜாக்குச்சூ பிறந்த இடம் இது. 1768இல் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் செடிகளும் பூச்சிகளும் தெரியும் புத்தகம் செய்தவர். கடைத்தெருவில் அவருடைய சேவல்களைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள்.

புதன், ஹ்யாக்குமான்பென்

சியோன்ஜி கோயில் வளாகத்தில் இலையுதிர்காலப் பழைய புத்தகச் சந்தை இன்று தொடங்கியது. முதல் காரியம் புத்தகங்களுக்கான பிரார்த்தனை. துறவிகள் சூத்திரம் ஓதினார்கள். கடைக்காரர்கள் தலை குனிந்து நின்றார்கள். அது முடிந்ததும் மரத்தடிக் கூடாரங்களை நோக்கிக் கூட்டம் நகர்ந்தது. ஓடவில்லை, ஆனால் யாரும் மெதுவாகவும் போகவில்லை.

இங்கே கண்ணாடிப் பெட்டிப் புத்தகங்கள் கிடையாது. அட்டைப்பெட்டிகளில் நாவலும் பாடப்புத்தகமும் ரயில் கால அட்டவணையும் கலந்து கிடக்கும். ஒரு மூலையில், தொகுதி பிரிந்த நூல்கள் மட்டும் அடுக்கிய மேஜை. ஹஹோன் என்கிறார்கள். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று தனியாக மிஞ்சியவை. சேகரிப்பவர்கள் சீண்ட மாட்டார்கள்.

அதில்தான் அது இருந்தது. மெலிந்த ஒரு தொகுதி. மேலட்டை பாதி இல்லை, தலைப்புச் சீட்டும் உதிர்ந்துவிட்டது. பதிப்புக் குறிப்பு கடைசித் தொகுதியில்தான் வரும் என்பதால் இதில் அதுவும் இல்லை. புழு ஒன்று முதல் தாளிலிருந்து ஐந்தாம் தாள்வரை நேராகத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. சிவப்பைப் பார்த்தால் மெய்ஜி இருபதுகள், அதாவது 1890 வாக்கில் என்றார் மேஜைக்காரர். உள்ளே வாலாட்டி, மீன்கொத்தி, காட்டுவாத்து, கரிச்சான் மாதிரி கறுத்த ஒன்று. மீன்கொத்தியின் முதுகில் பொகாஷி இருந்தது. யாரும் அவசரப்படுத்தாத அச்சு.

காட்டுவாத்துப் பக்கத்தில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் மெல்லிய கரிக்கோடுகள். படத்தின் மேலேயே கட்டம் போட்டிருக்கிறார்கள். சின்னப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவதற்குப் போடுவது. சில கட்டங்களில் எண்ணும் இருந்தது. மேஜைக்காரர் அழிரப்பரை எடுத்து, மெதுவாகத் தேய்த்தால் போய்விடும் என்று சைகை காட்டினார். நான் பதறிக் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். ஆறாயிரம் யென் கொடுத்தேன். மெல்லிய தாளில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டித் தந்தார்.

அறைக்கு வந்ததும் கை கழுவிவிட்டு அளவுகோலை எடுத்தேன். கட்டத்தின் ஒரு பக்கம் 1.9 சென்டிமீட்டர். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 1.9. தச்சருடைய அளவில் பாதிச் சுன் என்றால் 1.5தான் வர வேண்டும். துணிக்காரர் கோலில் பாதிச் சுன் சரியாக 1.9. அந்தக் காட்டுவாத்து போய் இறங்கியது ஒரு துணியில்.